புயலில்லாத ஆண்டுகள்

1

இக்கதை சர்ஜாபுரத்துக்கு அப்பால் ஒரு கேழ்வரகு வயலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு 1999, கார்த்திகை. எங்கள் முற்றோதல் குழு ஒரு சிவாலயத்தில் பதிகங்களை ஓதிவிட்டுத் திரும்புகையில் வண்டி பழுதாகி நின்றது. கதிர் முற்றிய வயலின் குறுக்கே, கழிக்குக் கழி, பழுப்பு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்றில் அது ரீங்கரிக்கக் குருவிகள் அஞ்சி விலகின. குழுவில் ஒருவரான அம்புஜம் இறங்கிச் சென்று நாடாவின் அகலத்தை இருவிரலால் பார்த்தார்.

"இது எங்க டேப்பு சார்," என்றார் என்னிடம். "ஏதோ ஒரு வருஷத்து ஆடி மாச வானம்."

எப்படித் தொடங்குவது? முதல் முயற்சி: *விண்ணினின்று மண்ணை நோக்கும் கண்ணொன்று* —

[கைவிட்டேன். எதுகைக்கு ஆசைப்பட்டது. அந்தக் கண், அதாவது செயற்கைக்கோள், எதையும் நோக்குவதில்லை. முகில் உச்சியின் வெப்பத்தை எண்களாக்கி அனுப்புகிறது, அவ்வளவே.]

இரண்டாம் முயற்சி: தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் அம்புஜம் என்றொரு பொறியாளர் இருந்தார். இதில் அழகில்லை. பொய்யுமில்லை. இதுவே நிற்கட்டும்.

2

அம்புஜம் 1991-இல் வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்தவர். செயற்கைக்கோள்கள் அனுப்பிய வானிலைப் பதிவுகளைக் காப்பது அவர் பணி. பதவியின் பெயர் நீளமானது. பணியோ அடுப்படிப் பணி.

[இவ்வாறு எழுதியதை அவர் விரும்பமாட்டார். ஆயினும் உண்மையாகவே அடுப்பு இருந்தது.]

பழைய நாடாக்களில் காந்தத் துகளை ஒட்டிவைத்த பசை, ஆண்டாண்டாய் ஈரத்தை உறிஞ்சி இளகிவிட்டிருந்தது. அப்படியே நாடாவைப் படிக்கும் கருவியான டிரைவில் ஓட்டினால் துகளும் அதிலுள்ள எண்களும் கருஞ்சேறாய் உரிந்து வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுருளையும் மெல்லிய சூட்டில் வைத்து உலர்த்தவேண்டும். உலர்ந்த சுருள் ஒருமுறை மட்டும் ஒழுங்காக ஓடும், அதற்குள் படியெடுத்துவிடவேண்டும். அத்தகைய சுருள்களைப் படிக்கவல்ல டிரைவ் அங்கே ஒன்றே எஞ்சியிருந்தது.

1998-இன் இறுதியில், கட்டடத்தைக் கோடைக்குள் காலிசெய்ய ஆணை வந்தது. புதிய இடத்தில் சுருள்களுக்கும் டிரைவுக்கும் அறையில்லை. எவ்வளவு விரைந்தாலும் பாதியைக்கூடப் படியெடுக்க இயலாது. எந்த ஆண்டின் வானம் பிழைக்கவேண்டும், எது மடியவேண்டும் என்று யாராவது சொல்லியாகவேண்டும்.

3

சொன்னவர் பிரிவின் தலைவர் வெங்கடகிருஷ்ணன். மைசூர் சமஸ்தானத்தில் மூன்று தலைமுறை உத்தியோகம் பார்த்த குடும்பம். அவரைக் கொடியவராக்க நான் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், அவர் இணங்கவில்லை. சுருளறைக்குக் குளிர்சாதனம் கேட்டு ஆண்டுதோறும் மேலிடத்துக்கு எழுதித் தோற்றவர் அவர். அம்புஜத்தின் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது தம் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர். நல்லவர்கள் செய்யும் தீங்கை எழுத எனக்குச் சொல் போதவில்லை.

"புயல் வந்த வருஷங்களை முதல்ல காப்பாத்திடு, அம்புஜம்," என்றார் அவர். "டெல்லிலேர்ந்து வர்றவாளுக்குக் காட்ட அழகா இருக்கும். சும்மா இருந்த வானத்தை யார் கேக்கப்போறா?"

"சார், ஜுரம் எவ்ளோன்னு சொல்லணும்னா சாதாரணமா உடம்புச் சூடு எவ்ளோன்னு தெரியணும் இல்லையா? சும்மா இருந்த வருஷம்தான் சார் அளவே."

"நீ சொல்றது சரிதாம்மா. ஏனு மாடோது? என்ன பண்றது?"

சரி என்று தெரிந்தவரோடு வாதிடுவதற்கு அம்புஜத்திடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

4

அவர் கீழ்ப்படிந்தார். புயலாண்டுகள் அடுப்பேறி இறங்கிப் பிழைத்தன. இடையிடையே, உணவு வேளையில் எல்லோரும் கீழே சென்றபின், அமைதியான ஓராண்டின் சுருளையும் ஏற்றினார். திரையில் எதுவும் நிகழவில்லை. முகில் கூடியது, கலைந்தது, மழை உரிய நாளில் கரையேறியது. அப்படியொரு வானம் இருந்தது என்பதே அவருக்கு வியப்பாக இருந்தது. பிள்ளை உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்

[இவ்வாக்கியத்தை முடிக்க மனமில்லை. அம்புஜம் தாய் என்பதால் எல்லாவற்றையும் தாய்மையாக்கிவிடுவது எழுதுகிறவனின் சோம்பல்.]

ஒருநாள் வெங்கடகிருஷ்ணன் கதவருகே நின்று அதைக் கண்டார். கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதைக் கருணை என்று அப்போது அம்புஜம் எண்ணினார்.

ஒரு பருவத்தின் வானம் மட்டுமே இவ்வாறு தப்பியது. வைகாசியில் லாரி வந்தது. மற்றவை எடைக்குப் போயின.

5

2006. வெங்கடகிருஷ்ணன் ஓய்வுபெற்று, பருவநிலை பற்றிய குழுவொன்றுக்கு ஆலோசகராகியிருந்தார். தம் பழைய அலுவலகத்தின் பதிவுகளைத் தொடர்ச்சியான ஒரே வரிசையாக அறிக்கையில் சேர்க்க விரும்பினார். வரிசையின் நடுவே சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. அக்கம்பக்கத்து ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு நிரப்பித் தரும்படி அம்புஜத்துக்குச் சொல்லியனுப்பினார்.

அக்கம்பக்கத்தில் எஞ்சியிருந்தவை பெரும்பாலும் புயலாண்டுகள். அவற்றின் சராசரியால் நிரப்பினால், அமைதியாயிருந்த அந்த ஆண்டுகளும் கொந்தளித்தவையாகவே தோன்றும். அன்றும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான். வானம் மாறவே இல்லை என்று அந்த வரிசை சான்று சொல்லும். தப்பிய ஒற்றைப் பருவம் அதில் ஏதோ பிழைபோல் துருத்தி நிற்கும். அதையும் நீக்கச் சொல்வார்கள்.

அம்புஜம் நேரில் சென்றார். "இல்லாத சாட்சியைக் கூண்டுல ஏத்தச் சொல்றீங்க சார்."

"காலியா விட்டா, இந்த வருஷமெல்லாம் எங்கேன்னு கேப்பா. என்னன்னு சொல்றது? நீயும் அங்க இருந்தவதானே?"

திரும்பி வந்தவரிடம் இளைய பொறியாளன் ராம்கி கேலியாகச் சொன்னான்: "ஏன்க்கா யோசிக்கிறீங்க? ஆவரேஜ் போட்டா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். வானம் வந்து கேஸ் போடுமா?"

6

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: அம்புஜம் மறுக்கிறார். வேலை ராம்கியின் மேசைக்குப் போகிறது. அவர் கை சுத்தம்; வரிசை பொய்.

இரண்டு: நிரப்புகிறார், இட்டுநிரப்பிய ஒவ்வோர் எண்ணின் அருகிலும் ஒரு குறி வைக்கிறார். அறிக்கையை அச்சுக்கு அனுப்புகிறவர், வரைபடம் அசிங்கமாயிருக்கிறது என்று குறிகளை எடுத்துவிடுகிறார்.

மூன்று: வெற்றிடத்தை வெற்றிடமாகவே அனுப்பி, லாரி வந்த கதையையும் எழுதி இணைக்கிறார். [இது நான் விரும்பும் முடிவு. ஆகவே நம்பத்தகாதது.]

அடுத்த ஞாயிறு நீலசந்திராவில் என் வீட்டில் முற்றோதல். ஒரு பதிகத்தின் நடுவே ஒரு பாடல் கிடைக்கவில்லை என்று ஏட்டில் குறித்திருக்கும். வழக்கம்போல் அதைத் தாண்டி அடுத்த பாடலுக்குச் சென்றோம். அம்புஜம் மட்டும் எங்களோடு வரவில்லை. ஒரு பாடல் பாடும் நேரம் வாய்மூடி இருந்துவிட்டு, பிறகே சேர்ந்துகொண்டார். குரல்கள் குழம்பின, சிலர் முகம் சுளித்தனர்.

எல்லோரும் சென்றபின் அவரைத் தேற்ற நினைத்தேன். ஏடுகளில் செல்லரித்தவை போக எஞ்சிய பாடல்களே இக்காலத்துக்குப் போதுமென்று இறைவன் திருவாய் மலர்ந்ததாக எங்கள் மரபில் ஒரு வரலாறு உண்டு. கண்ணீர் மல்க நான் பலமுறை சொன்ன வரலாறு. அன்றும் சொன்னேன்.

அம்புஜம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போதும்னு சாமி சொன்னதா யார் சார் சொன்னது? ஏட்டை அரிக்க விட்டவங்களா?"

அக்கேள்வி அன்றிரவு திருநீறு பூசும்போதும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பேச்சை மாற்ற, அலுவலகத்தில் முடிவாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான் கதை எழுதறீங்களே," என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "தெரியாத இடத்தை நீங்களே போட்டு நிரப்பிக்கோங்க. எல்லாரும் அதைத்தானே செய்றாங்க."

7

[இப்பகுதி கிடைக்கவில்லை.]

8

குழுவின் அறிக்கை அடுத்த ஆண்டு வெளிவந்தது. நூலகத்தில் பார்த்தேன். வரைபடத்தின் கோடு எங்கும் அறுபடாமல், மேடும் பள்ளமுமாய், வழவழப்பான தாளில் ஓடுகிறது. எந்த எண்ணின் அருகிலும் குறி இல்லை. அமைதியான பருவம் ஒன்றும் அதில் என் கண்ணுக்குத் தென்படவில்லை. நிரப்பியது எந்தக் கை, குறி இருந்து அழிந்ததா, இல்லாமலே இருந்ததா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. அம்புஜம் முற்றோதலுக்கு வருவதில்லை.

மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். வாசகரே, ஏழாம் பகுதியை நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். தடுக்க என்னால் ஆகாது. அவரை வீராங்கனையாக்குவீர்கள், அல்லது நம்மில் ஒருவராக்குவீர்கள். எப்படி எழுதினாலும், ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். இது அம்புஜம் செய்ததன்று, நான் இட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும்.