ஜெயபாரதியின் மெர்க்குரி துளிர்த்த வரலாறு

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, அல் குசைஸில், ஜெயபாரதியின் மெர்க்குரி காரில் உடைந்துபோயிருந்த இடப்பக்கப் பின்விளக்கு மறுபடி முளைக்கத் தொடங்கியது. வளர்ந்து முடிய நாற்பத்தொரு நாள் ஆயிற்று. முதல் வாரத்தில் தகரத்தின் விளிம்பில் மாதுளை முத்தளவு சிவப்பு தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் அது உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்தது. ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி கண்ணாடி முற்றி, உள்ளே பல்பும் பிடித்திருந்தது. பிரேக்கை மிதித்ததும் எரிந்தது. ஜெயபாரதி அன்று பள்ளிக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாள். அவளுடைய பதினாறு ஆண்டுப் பணியில் அதுவே முதல் தாமதம்.

மெர்க்குரி என்ற பெயர் 1938-இல் அமெரிக்காவில் பிறந்தது. எளியவர்கள் வாங்கும் ஃபோர்டுக்கும் செல்வந்தர்கள் வாங்கும் லிங்கனுக்கும் நடுவே நிற்பவர்களுக்காக அதை உண்டாக்கினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடுவிலேயே நின்ற அந்தப் பெயர், 2011 ஜனவரியில் கடைசி வண்டி வெளியே வந்ததும் முடித்துவைக்கப்பட்டது. வளைகுடாவில் அதன் கிராண்ட் மார்க்கி என்ற நீண்ட மாடலுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆறு பிள்ளைகள் உள்ள தகப்பன்மார்கள் அதை வாங்கினார்கள். ஆகஸ்ட் நண்பகலிலும் பின்சீட்டில் இருப்பவர் போர்வை கேட்கும் அளவுக்கு அதன் ஏசி குளிரும் என்பது ஒரு காரணம். பெயர் முடிந்தபின் எஞ்சின் சாமான்களுக்குக் குறைவில்லை. அதன் பங்காளி வண்டிகளின் சாமான்கள் பொருந்தின. பின்விளக்கும் முகப்புக் கிரில்லும் மட்டும் அதற்கென்றே தனியாக வார்க்கப்பட்டவை. ஷார்ஜா பழைய உதிரிபாகச் சந்தையில் அவற்றைக் கேட்டால், கடைக்காரர்கள் துக்க வீட்டில் பேசுவதைப் போலத் தாழ்ந்த குரலில் இல்லை என்றார்கள். குவைத்தில் ஒரு மெர்க்குரியின் ஹாரன் அந்த ஜனவரியிலிருந்து நாற்பது நாள் ஒலிக்கவில்லை என்றும், மனாமாவில் ஒன்று எப்படி நிறுத்தினாலும் காலையில் வடமேற்குப் பார்த்தே நின்றது என்றும் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் பதிவாகியிருக்கிறது. யாரும் அவற்றை மறுக்கவில்லை.

ஜெயபாரதி இந்தியப் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியை. எட்டாவது முயற்சியில்தான் ஓட்டுநர் உரிமம் பெற்றாள். அதன்பிறகு வாங்கிய சிறிய காரை இரண்டு மாதம் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு விற்றாள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்த்தது. சக ஆசிரியையின் அண்ணன் விற்க வைத்திருந்த 2008 மாடல் மெர்க்குரியில் ஒரு மாலை சும்மா ஏறி உட்கார்ந்தபோது, எதிரே அந்த நீண்ட பானெட் சமையல் மேடையைப் போல விரிந்து கிடந்தது. எந்த வண்டியும் தன்னை நேராக வந்து இடித்துவிட முடியாது என்று தோன்றியது. கை வியர்க்கவில்லை. அன்றே வாங்கினாள். கணவன் ரகுநாதன் ருவைஸ் சுத்திகரிப்பு ஆலையில் கருவிப் பொறியாளர். இடது கண்ணின் பார்வை குறைந்தபின் மருத்துவர் அவனை வண்டி ஓட்டக்கூடாது என்றுவிட்டார். ஆகவே வார இறுதிதோறும் ருவைஸுக்குப் போவது அவள் வேலையாயிற்று. போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். அந்த ஏழு மணி நேரம்தான் தனக்கே தனக்கென்று வாரத்தில் உள்ளது என்பதை அவள் ரகுநாதனிடமும் சொன்னதில்லை. இந்த வண்டி போனால் இன்னொரு வண்டியைத் தன்னால் ஓட்ட முடியாது என்பதையும் அவள் அறிவாள்.

விளக்கு முளைத்த செய்தியை ரகுநாதன் தொழில் முறைப்படி ஏற்றுக்கொண்டான். அடுத்த வார இறுதியில் வெர்னியர் காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ருவைஸ் குடியிருப்பின் வாசலில் காத்திருந்தான். நாளொன்றுக்குச் சராசரி எட்டு மில்லிமீட்டர், ஈரப்பதம் கூடினால் பத்து என்று கணக்கிட்டு வரைபடம் வரைந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினான். "நல்ல ஜாதி வண்டிதான் ஜெயா. குட்டி போட்டா என்கிட்ட சொல்லு, லீவு போட்டு வரேன்" என்றான். "உங்களுக்கு ரெண்டு தடவை பிரசவத்துக்கே லீவு கிடைக்கலை, கார் குட்டி போடறதுக்குக் கிடைச்சிருமா?" என்று அவள் கேட்டதும் காலிப்பரைத் துடைத்து உறையில் போட்டான்.

செய்தி குழுவில் பரவி, தோஹாவின் நஜ்மாவிலிருந்து கல்யாணசுந்தரம் என்பவர் முதலில் அழைத்தார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரது மெர்க்குரி ஒரு பின்விளக்கு இல்லாமல் ஐந்து மாதமாக வீட்டுக்கு வெளியே நின்றது. "கூச்சமாத்தான் இருக்கு மேடம். உங்க வண்டியில ஒரு லைட்டு ஒடிச்சுக் குடுத்தீங்கன்னா, அது மறுபடி வந்துரும்னு சொல்றாங்க" என்றார். பால்கனியில் பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை வளர்க்கும் எந்தக் குடும்பமும் ஒரு கொத்து கேட்டவருக்கு இல்லையென்று சொல்வதில்லை; ஜெயபாரதியும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் விளக்கைத் திருகி எடுத்து, பழைய துண்டில் சுற்றி, தோஹா போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். நாற்பத்தொரு நாளில் அடுத்தது வந்தது. அதன்பின் மஸ்கட்டிலிருந்தும் தம்மாமிலிருந்தும் கேட்டார்கள். பின்விளக்கு, கிரில், கதவுப் பிடி, கண்ணாடி என்று ஆறு நாடுகளுக்குப் போயின. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: மாலையில் வீட்டில் விளக்கு வைத்தபின், செடியில் பறிக்காததைப் போல, வண்டியிலிருந்தும் எதையும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். அப்படிக் கேட்டு அஜ்மானிலிருந்து மாலை ஏழு மணிக்கு வந்த பாகிஸ்தானி ஒருவர், காரணத்தைக் கேட்டு நியாயம் என்று ஒப்புக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய் மறுநாள் காலை வந்தார்.

ஒடித்தால் கிளைக்கும் என்பதை அவள் கணக்கில் கொள்ளவில்லை. ஒரு விளக்கு எடுத்த இடத்தில் சில ஆண்டுகளில் இரண்டு வந்தன. 2021-இல் வலப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே மற்றொரு கண்ணாடி அரும்பியது. 2023-இல் கிரில்லின் செங்குத்துக் கம்பிகள் பம்பரைத் தாண்டி வழிந்தன, வைப்பர்கள் ஐந்தாயின. அந்த ஆண்டு பாஸிங்கில், அதாவது பதிவைப் புதுப்பிக்கும் முன் நடக்கும் சோதனையில், கூடுதல் உறுப்புகளைக் குறைக்குமாறு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவள் வண்டியை அல் குசைஸ் தொழிற்பேட்டையில் வேலைசெய்யும் மெக்கானிக் சோலைமுத்துவிடம் கொண்டுபோனாள். சிவகங்கைப் பக்கத்துக்காரனான சோலைமுத்து, இருபது வயது வரை முருங்கைத் தோப்பில் வேலை பார்த்துவிட்டு வளைகுடாவுக்கு வந்தவன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"டீச்சரம்மா, இதைக் கண்டமேனிக்கு ஒடிச்சு ஒடிச்சுக் குடுத்திருக்கீக. அதான் புதரா மண்டிருச்சு. கவாத்துப் பண்ணணும்."

"கவாத்தா? இது கார், சோலைமுத்து."

"காருங்கிறதைக் காரு ஒத்துக்கிடணும்ல? ஆவணி முடிஞ்சு வெட்டுனாத்தான் மழைக்கு நல்லாத் துளுக்கும்."

"இங்கே எந்த மழைக்கு?"

"அதுவும் சரிதான்" என்று யோசித்துவிட்டு, "ஏசித் தண்ணி போதும்" என்றான்.

முருங்கையைக் கவாத்து செய்பவன் இலையைக் கிள்ளிக்கொண்டிருப்பதில்லை. அடியில் முடிச்சு எங்கே என்று பார்த்து அங்கே வெட்டுவான். சோலைமுத்துவும் அப்படியே செய்தான். மூன்று நாள் பொறுமையாகக் கிரைண்டர் பிடித்து, உபரியாக இருந்த அனைத்தையும் நீக்கி, வெட்டிய இடங்களில் கிரீஸ் பூசினான். வேலை அழகாக இருந்தது. டாஷ்போர்டின் ஓரத்திலும் பானெட்டுக்குள் இரும்புச் சட்டத்திலும் இருந்த இரண்டு கடினமான முடிச்சுகளை அவன் குறிப்பாகக் கவனித்து இழைத்திருந்தான்.

அக்டோபர் ஒன்றாம் தேதி சோதனைக்குப் போனபோது ஈசா என்ற அமீரக அதிகாரி வண்டியைப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். டயரை உதைத்துப் பார்க்காதவர். விளக்குகள் சரி, பிரேக் சரி, புகை சரி. பிறகு டார்ச்சை அடித்து டாஷ்போர்டின் ஓரத்தைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து சட்டத்தைத் தடவினார். வண்டியின் பிறப்புக்குச் சான்றான பதினேழு இலக்க சேஸிஸ் நம்பர் இரண்டு இடத்திலும் இல்லை. அந்த இரும்பு குழந்தையின் முதுகைப் போல வழவழவென்றிருந்தது. "மேடம், நம்பர் மாஃபி" என்றார் தாழ்ந்த குரலில். நம்பர் இல்லாத வண்டிக்குப் பதிவு இல்லை. மறுசோதனைக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நம்பர் வராவிட்டால் வண்டியை அமுக்கும் இயந்திரத்துக்கு அனுப்ப நேரும். இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தகப்பனார் வீட்டிலும் முன்பு ஒரு மெர்க்குரி நின்றதாக மட்டும் சொன்னார்.

சோலைமுத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. முடிச்சு என்று நினைத்துப் பெயரை இழைத்துவிட்டேன் என்று தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரிடமும் சொன்னான். நம்பரை அச்சுக் குத்தித் தரத் தெரிந்த ஆள் ஒருவன் இருப்பதாக யாரோ சொல்ல, அதை அவளிடம் கொண்டுவந்தான். ஜெயபாரதி மறுத்தாள். "இருபத்தெட்டு வருஷமா காப்பியடிக்காதேன்னு சொல்லிட்டு நானே அதைச் செய்யவா?" என்றாள். ருவைஸிலிருந்து ரகுநாதன் போனில், "விட்டுடு ஜெயா. சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம். இல்லைன்னா பஸ்ல வா, தூங்கிக்கிட்டே வரலாம்" என்றான். அவள் வேண்டாம் என்றதும், "ஏன், தூங்க வேண்டாமா?" என்று கேட்டான். "அந்த மூன்றரை மணி நேரம் நான் முழிச்சிட்டிருக்கணும்ங்க" என்றாள். அங்கே இப்போது ஈரப்பதம் எவ்வளவு என்று ரகுநாதன் கேட்டான். அன்றிலிருந்து வண்டியின் பானெட்டைத் திறந்துவைத்து, வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் ஒரு துணியை நனைத்து அந்த இரும்பின் மேல் போட்டுவைத்தாள்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் சட்டத்தின் மேல் பால்பல்லைப் போல ஒரு எண் எழும்பியிருந்தது. டாஷ்போர்டிலும் அதே எண் அதே உயரத்தில் இருந்தது. பிறகு நாளுக்கு ஒன்று வந்தது. பழைய பதிவு அட்டையை வைத்துச் சரிபார்த்தாள். ஒன்பது இலக்கம் வரை, மற்ற இலக்கங்களைக் கொண்டு கணக்கிடும் சோதனை இலக்கம் ஒன்றைத் தவிர, எல்லாம் பொருந்தின. தயாரிப்பு ஆண்டைக் குறிப்பது பத்தாவது இடம். அங்கே 8 இருக்கவேண்டிய இடத்தில் R முளைத்தது. அதைப் பறித்துவிட்டால் மறுபடி சரியாக வருமா என்று சோலைமுத்துவைக் கேட்டாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இனிமே நான் தொடமாட்டேன் டீச்சரம்மா. அது வர்றபடி வரட்டும்" என்றான். மிச்சம் ஏழு இலக்கங்களும் பழையவற்றோடு சம்பந்தமில்லாமல் வளர்ந்தன. இருபத்தொன்பதாம் நாள் பதினேழாவது இலக்கம் முற்றியது.

முப்பதாம் நாள் காலை அவள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ஈசா புதிய நம்பரைக் கணினியில் தட்டினார். அப்படி ஒரு வண்டி எங்கும் பதிவாகவில்லை என்று வந்தது. பத்தாவது இடத்தில் R என்றால் 2024 என்று மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அட்டவணை சொன்னது. அவர் அட்டவணையை இரண்டு முறை பார்த்தார்.

"மேடம், இது வேறே காடி."

"இல்லை, இது என் பழைய வண்டிதான்" என்றாள் ஜெயபாரதி. அப்படிச் சொன்னால் வண்டி போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

"நம்பரை யார் மாத்தினது?"

"யாரும் மாத்தலை. இழைச்சது எங்க மெக்கானிக், தெரியாம. அப்புறம் அதுவா வளர்ந்தது."

ஈசா எழுந்து வண்டிக்குப் போனார். திருட்டு வண்டிகளில் நம்பரைச் சுரண்டுவார்கள், வெட்டி ஒட்டுவார்கள், மேலே குத்துவார்கள். இந்த மூன்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டே விரலால் கண்டுபிடிப்பார் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தைத் தடவினார். ஒட்டு இல்லை, சுரண்டல் இல்லை, குத்தல் இல்லை. எழுத்துகள் இரும்புக்குள்ளிருந்து வந்திருந்தன. கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் மென்மையாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. மேசைக்குத் திரும்பிப் படிவத்தை எடுத்தார். அதில் நம்பரைப் பற்றி மூன்றே கட்டங்கள் உண்டு: திருத்தப்பட்டது, தெளிவில்லை, அசல். அவர் பேனாவை முதல் கட்டத்தின் மேல் வைத்தார், இரண்டாவதின் மேல் வைத்தார். ஜெயபாரதி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள், அவை வியர்த்திருந்தன. ஈசா மூன்றாவது கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டார்.

பழைய நம்பர் கலாஸ், முடிந்தது என்று சொல்லி அதைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். மதியத்துக்குள் புதிய முல்கியா, அதாவது பதிவு அட்டை, அச்சாகி வந்தது: மெர்க்குரி, கிராண்ட் மார்க்கி, தயாரிப்பு ஆண்டு 2024. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், புது வண்டிக்கு வாழ்த்துகள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். புது வண்டிகளுக்கு முதல் மூன்று ஆண்டு சோதனை கிடையாது, ஆகவே 2027 வரை இந்தப் பக்கம் வரவேண்டியதில்லை என்றும் சொன்னாள். ஜெயபாரதி அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, மாலை ரகுநாதனுக்குச் செய்தி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ருவைஸுக்குக் கிளம்பினாள். சாலை காலியாக இருந்தது, வண்டி நன்றாக ஓடியது.