த/பெ, க/பெ

அப்பா போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளினார். மகள் எடுத்துப் போர்த்தினாள். மறுபடியும் உதைத்தார். காலையிலிருந்து இதே கூத்து. இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது தன் காதிலும் விழுந்ததுபோல மனிதர் நிலைகொள்ளாமல் புரண்டார்.

"அந்தக் கட்டைப் பாரும்மா. கடைசியா ஒரு தடவை."

கட்டு என்றால், பதினோரு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அவர் சேர்த்த பழைய பதிவேட்டு நகல்கள். எல்லாம் அவருடைய அம்மாவைத் தேடித்தான். மூன்று வயதில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளையைப் போட்டுவிட்டு அவள் ஓடிப்போனாள் என்று சொல்லியே அத்தை அவரை வளர்த்தாள். தெருவில் அவருக்கு ஓடுகாலி மகன் என்றுதான் பேர். பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்து அவர் ஓய்வு பெற்றார். அந்தப் பேர் ஓய்வு பெறவில்லை.

"வேலையத்த வேலை," என்றான் அண்ணன், வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தபடி. "அவரை நிம்மதியா விடேன்."

"அவர்தாண்ணே கேக்குறாரு."

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. நல்ல தாள்களையெல்லாம் அவள் முன்பே பார்த்தாகிவிட்டது. அப்பா கழித்துக்கட்டிய தாள்கள்தான் பாக்கி. அவற்றைப் புரட்டினாள்.

ஒன்றில் பாட்டியின் பெயர் அப்படியே இருந்தது. பக்கத்தில் த/பெ, பிறகு தாத்தாவின் பெயர். தாத்தா பெயரிலேயே அப்பன் உள்ள எவளோ ஒருத்தி என்று அப்பா நினைத்து, மேலே படிக்காமலே ஓரத்தில் 'வேறு ஆள்' என்று பென்சிலால் எழுதி ஒதுக்கியிருந்தார். அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நகலில் ஒரு கோடு மங்கிப்போயிருந்தது. அது த இல்லை, க. தந்தை பெயர் இல்லை, கணவர் பெயர்.

ஆஸ்பத்திரியின் இறப்புப் பதிவேடு அது. குறிப்பில் இப்படி இருந்தது: 'காய்ச்சல் கண்ட மகனுக்குத் துணையிருந்தவர். மகனிடமிருந்து தொற்றி இறந்தார். உடலைக் கேட்டு எவரும் வரவில்லை.'

வீட்டார் நோய்க்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டு, ஓடிப்போனாள் என்று கதை கட்டியிருக்கிறார்கள். மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், சந்தோஷமும் வந்தது. தாளோடு கட்டிலுக்கு ஓடினாள்.

"அப்பா, உங்கம்மா எங்கயும் ஓடல. அதே ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துலயே இருந்திருக்காங்க. காய்ச்சல் வந்து அங்கயே செத்துட்டாங்க."

கால்கள் நின்றன. பிறகு கேட்டார்:

"எங்கிட்ட இருந்துதான் தொத்திக்கிச்சா?"

இப்படிக் கேட்பார் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது.

"இல்லப்பா. அவங்களுக்குத்தான் முதல்ல வந்துச்சு. உங்களுக்கு அப்புறம்."

"அப்படின்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்குப்பா."

அதுவரை 'அவ' என்றே சொல்லிவந்தவர், "எங்கம்மா பாவம்," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாலு மணிக்கு மூச்சு அடங்கியது. அவள் வாய்விட்டு அழுதாள்.

குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்ட பிறகு அண்ணன் கையை நீட்டினான்.

"அதைக் குடு."

கொடுத்தாள். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். மேலிருந்து கீழே படித்தான். பிறகு கீழ்வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தான்.

"முதல்லன்னு இதுல எங்க இருக்கு?"

யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் இருந்து கேட்டார். "இதோ வரேன்," என்று குரல் கொடுத்துவிட்டு, அண்ணன் தாளை நாலாக மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தான். வெளியே துருத்திக்கொண்டிருந்த ஓரத்தை ஒரு விரலால் உள்ளே தள்ளினான்.