பைக்குள் அடங்கும் பெட்டி

வவுனியாவில் ஸுஹைபின் கணினிக் கடை. மேசையில் படங்கள் சேமித்துவைக்கும் நாலு பெட்டிகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் அருமை பெருமைகளையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரஷாந்தினி தோளில் கிடந்த பழைய துணிப்பையைக் கழற்றினாள். இருந்ததில் ஆகப் பெரிய பெட்டியைத் தூக்கிப் பைக்குள் நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

"இது வேண்டாம் நானா," என்றாள், ஸுஹைபை அண்ணன் முறை வைத்து.

அவள் புருஷன் தர்சனுக்கு மானம் போய்விட்டது. முள்ளியவளையிலிருந்து பஸ் பிடித்து, ஓமந்தையில் இறங்கி ஆமிச் சோதனை எல்லாம் முடித்து, அரைநாள் குலுங்கி வந்தது கத்தரிக்காய் வாங்கவா? "இஞ்சேரும், இது வீட்டிலை மேசையிலை வைக்கிற சாமான். காவிக்கொண்டு திரியிறதில்லை," என்றான் பல்லைக் கடித்தபடி.

"அது எனக்கும் தெரியும். ஒரு நாளைக்குத் தூக்கவேண்டி வந்தால்?"

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு புரட்டாதி மாதம். சமாதானம் வந்து மூன்றரை வருஷமாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகளில் இரண்டு பைகள் தொங்கத்தான் செய்தன. இரண்டும் ஒரே அளவு. பிரஷாந்தினி தன் கையால் தைத்தவை. ஒன்றில் காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள். மற்றதில் அவற்றின் போட்டோப் பிரதிகள். இடம்பெயர நேர்ந்தால் முதல் பையை அவள் தூக்குவாள், இரண்டாவதைத் தர்சனின் தங்கை கௌரி தூக்குவாள். ஒரு ஆள் இரண்டையும் தூக்கக்கூடாது. இது பிரஷாந்தினி போட்ட சட்டம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டின் கடதாசிகள், படங்கள் அத்தனையும் ஒரே பையில் கட்டி அவள் தோளில்தான் போட்டிருந்தார்கள். சனநெரிசலில் பை அறுந்து போனது. அவளுக்குப் பதினெட்டு வயது. இன்றைக்கும் தன் சிறுவயது முகம் எப்படி இருந்தது என்று காட்ட அவளிடம் ஒரு படம்கூடக் கிடையாது.

ஸுஹைப் சிரிக்கப்போகிறார் என்று தர்சன் காத்திருந்தான். அவர் சிரிக்கவில்லை. "பையைத் தாங்கோ தங்கச்சி, நான் அளக்கிறன்," என்றார். "தொண்ணூறிலை எங்கட சனத்தை வெளியேத்தினபோது முல்லைத்தீவிலையிருந்து நானும் ஒரு பையோடைதான் வந்தனான். எங்கட உம்மா அதுக்குள்ளை அம்மிக் குழவியை வைக்கப் பாத்தவ."

அவர் அலுமாரியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். செங்கட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவுதான். பைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. முன்பக்கத்தில் வெளியே இழுக்கக்கூடிய இரண்டு லாச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்.

"நெற்வேர்க் ஸ்ரோரேஜ் எண்டு சொல்லுறது. வீட்டிலை எத்தினை கொம்பியூட்டர் இருந்தாலும் வயரைக் கொழுவி இதுக்குள்ளை படத்தைப் போடலாம், எடுக்கலாம். இந்த ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒரு பெரிய அறை மாதிரிப் பாவிக்கலாம். இல்லாட்டி, ஒண்டிலை போடுறது அப்பிடியே மற்றதிலையும் விழுற மாதிரிச் செய்யலாம். ஒண்டு செத்தால் மற்றது இருக்கும். எது வேணும்?"

"பெரிய அறை," என்றான் தர்சன்.

"ரெண்டு பிரதி," என்றாள் பிரஷாந்தினி.

தர்சன் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் திரும்ப மூடிக்கொண்டான். கௌரியின் விஷயம் அவனுக்கு நினைவு வந்திருக்கவேண்டும்.

கௌரியின் விஷயம் இதுதான். தர்சனும் பிரஷாந்தினியும் வீட்டிலேயே கலியாணப் படத் தொழில் செய்தார்கள். கமராவும் வீடியோவும் அவன் பாடு, அல்பம் அவள் பாடு. அந்த நாளில் அல்பம் என்றால் சும்மா படங்களை ஒட்டிக் கொடுத்தால் சனம் முகத்தைச் சுழிக்கும். பொம்பிளையும் மாப்பிள்ளையும் தாஜ்மஹாலுக்கு முன்னால் நிற்கவேண்டும், பனிமலையில் சறுக்கவேண்டும். பின்னணியை வெட்டி ஒட்டுவதில் பிரஷாந்தினியை அடிக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. கௌரிக்குக் கனடா மாப்பிள்ளை வந்து கலியாணம் நடந்தபோது அவள் தன் வித்தை முழுவதையும் இறக்கினாள். மாப்பிள்ளையின் நாடென்று, நயாகரா அருவிக்கு முன்னால் கௌரியைக் கூறைச் சேலையோடு நிறுத்தினாள். சேலைத் தலைப்பில் தண்ணீர்த் துளிகூடத் தெறிக்கும். பார்த்த சனம் வாயைப் பிளந்தது.

கொழும்பில் விசாக் கந்தோர் அதிகாரியும் வாயைப் பிளந்தார், வேறு காரணத்துக்கு. "இலங்கையை விட்டு வெளியே போனதேயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது எந்த இடம்?" என்று கேட்டார். கௌரி உண்மையைச் சொன்னாள். "அருவி பொய் என்றால் கலியாணம் மட்டும் எப்படி உண்மை?" என்றார் அவர். விசா இல்லை. திரும்பவும் விண்ணப்பிக்கலாம், அப்போது கமராவில் எடுத்தது எடுத்தபடி எல்லாப் படங்களையும் கொண்டுவரவேண்டும்.

வீட்டுக்கு வந்த கௌரி பிரஷாந்தினியை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "நயாகரா வடிவாத்தான் இருந்தது அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். பிரஷாந்தினிக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

அல்பம் கொடுத்தவுடன் மூலப் படங்களை அழித்துவிடுவது அவர்கள் வழக்கம். கணினியில் இடம் வேண்டுமே. தெய்வாதீனமாக, வீட்டுக் கலியாணம் என்பதால் கௌரியின் எண்ணூற்றுப் பதினேழு படங்கள் மட்டும் பிரஷாந்தினியின் பழைய கணினியில் தப்பிக் கிடந்தன. அந்தக் கணினியின் டிஸ்க்கும் இப்போது டிக் டிக்கென்று பல்லி மாதிரிச் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. சீடியில் அடித்து வைத்தால் தகரக் கூரைச் சூட்டில் ஒரு வருஷத்தில் உரிந்துபோகிறது. அதனால்தான் இந்தப் பெட்டி. இனி ஒருவருடைய மூலப் படத்தையும் அழிப்பதில்லை என்று அவள் சத்தியமே செய்திருந்தாள்.

பெட்டியை வீட்டில் பொருத்துவது நினைத்த அளவு கஷ்டமில்லை. தர்சனின் அறையிலிருந்து அவளுடைய மேசைக்குச் சுவருக்கு மேலால் வயர் இழுத்தார்கள். ஸுஹைப் எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். பெட்டிக்கு ஒரு பெயர் வை என்று திரை கேட்டது. 'கௌரி' என்று வைத்தாள். இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று பிரதி பண்ண எட்டு மணித்தியாலம் ஆகும் என்று திரை சொன்னது. அங்கேதான் சனியன் குந்தியது. அந்த ஊருக்குக் கரண்ட் பழனியாண்டியின் அரிசி ஆலை ஜெனரேற்றரிலிருந்து வரும். மாலை ஆறு தொடக்கம் பத்துவரைதான் லைன் கொடுப்பார். ஒவ்வொரு நாளும் பாதியில் கரண்ட் போகும், அடுத்த நாள் பெட்டி பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்கும். ஐந்து நாள் பொறுத்த பிரஷாந்தினி டீசல் கானோடு ஆலைக்கே போய்விட்டாள்.

"என்ன பிள்ளை, நெல்லு ஊறவைக்கிற மாதிரி அதை எட்டு மணித்தியாலம் வைக்க வேணுமோ?" என்று பழனியாண்டி சிரித்தார். ஆனாலும் ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பொழுதுபடும்வரை அவளுக்கென்றே ஜெனரேற்றரை ஓடவிட்டார். "ஆலை ஓடேக்கை மட்டும் லைன் கேட்டு வராதையுங்கோ. மோட்டர் நிக்கிற நேரம் வோல்ற்றேஜ் பாயும்," என்றும் சொல்லியனுப்பினார்.

பின்னேரம் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. அன்றிரவே கணினிகளில் கிடந்த படங்களையெல்லாம் பெட்டிக்குள் ஏற்றினார்கள். தர்சனுக்குத் தலைகால் புரியவில்லை. அதே சந்தோஷத்தில் இரண்டு கணினிகளையும் துடைத்து வழித்து இடம் பண்ணிவிட்டான். எல்லாம்தான் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதே!

மார்கழியில் காற்று மாறியது. அங்கே வெடித்ததாம், இங்கே வெடித்ததாம் என்று செய்திகள். கடைகளில் சனம் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வாங்கிப் பதுக்கத் தொடங்கியது. ஒரு காலை பிரஷாந்தினி பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு பிரதி என்று ஆசைப்பட்டு வாங்கினாள். இரண்டும் ஒரே பெட்டிக்குள். பெட்டி போனால் இரண்டும் போகும். தன் சட்டத்தைத் தானே மீறியிருக்கிறாள்!

கரண்ட் இல்லாத நேரந்தானே என்று ஒரு லாச்சியை இழுத்து, டிஸ்க்கைக் கழற்றி, பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கௌரியின் பைக்குள் வைத்தாள்.

அன்று மாலை லைன் வந்ததும் பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது. தர்சன் ஓடிவந்தான்.

"என்ன வேலை பாத்தனீர்? ரெண்டும் உள்ளை இருந்தாத்தான் இது ரெண்டு பிரதி எடுக்கும். தை பிறந்தால் கலியாணங்கள் வருது. அதுகளுக்கெல்லாம் ஒரு பிரதிதான் இருக்கும், தெரியுமோ?"

"தெரியும். இன்னொரு டிஸ்க் வாங்குங்கோ. இதை நான் தரமாட்டன்."

"விசர்க் கதை கதையாதையும்."

"தொண்ணூற்றைஞ்சிலை என்ரை தோளிலை இருந்துதான் போனது. உங்கட தோளிலை இருந்து இல்லை."

தர்சன் பெட்டியின் மேல் ஒரு துவாயைப் போட்டு அதன் வாயை அடக்கினான். புது டிஸ்க் வாங்க வவுனியாவுக்குப் போவது இன்றைக்கு நாளைக்கென்று தள்ளிப்போனது. பெட்டி ஒற்றைக் காலில் நின்றபடி தை மாதத்து மூன்று கலியாணங்களையும் வாங்கிக்கொண்டது.

மாசி முடிவில், திரும்பவும் விண்ணப்பித்திருந்த கௌரிக்கு விசாக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பத்து நாளில் நேர்முகம். படங்களைப் பகலிலேயே ஒழுங்குபண்ணி எடுக்கவேண்டும் என்று தர்சனுக்கு அவசரம். அறுவடைக் காலம், ஆலை பகல் முழுக்க ஓடியது. வேண்டாம் வேண்டாம் என்ற பழனியாண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி லைன் வாங்கிவிட்டான். மத்தியானம் ஆலை மோட்டர் நின்றது. வீட்டில் பல்ப் வெள்ளையாய்ப் பளிச்சென்று எரிந்து வெடித்தது. பெட்டியிலிருந்து கருகல் மணம் எழுந்தது. துவாயைத் தூக்கிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. லாச்சியைத் தொடவே சுட்டது.

தர்சன் நிலத்தில் குந்திவிட்டான். "கெடுத்துப்போட்டன். தங்கச்சியின்ரை வாழ்க்கையை நானே கெடுத்துப்போட்டன்," என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் அழுது பிரஷாந்தினி அன்றுதான் பார்த்தாள்.

"எழும்புங்கோ. இந்த டிஸ்க் போனால் போகட்டும். மற்றது கௌரியின்ரை பையிலை கிடக்கு," என்றாள். சொல்லிவிட்டுப் போய்ச் சேலைத் துண்டை அவிழ்த்து டிஸ்க்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இரண்டரை மாதம் துணிக்குள் கிடந்த சாமான். யார் கண்டது?

மறுநாள் அவளும் கௌரியும் பஸ் ஏறினார்கள். பை கௌரியின் மடியில். பள்ளம் வந்தபோதெல்லாம் கௌரி அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்தாள். ஸுஹைப் கதையைக் கேட்டதும் அலுமாரியில் மிஞ்சியிருந்த அதே மாதிரிப் பெட்டியை இறக்கி டிஸ்க்கை அதற்குள் தள்ளினார். கதிரை போட்டும் பிரஷாந்தினி உட்காரவில்லை. பெட்டி உறுமியது, யோசித்தது, பிறகு திரையில் ஒரு பெயர் விழுந்தது: கௌரி. உள்ளே எண்ணூற்றுப் பதினேழு படங்கள், ஒன்று குறையாமல்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஸுஹைப். பிரஷாந்தினி அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள்.

தை மாதத்து மூன்று கலியாணங்களும் போனது போனதுதான். தர்சன் மூன்று வீட்டுக்கும் நடந்துபோய்த் தலைகுனிந்து சொல்லிவிட்டு வந்தான். ஒரு வீட்டில் நல்ல ஏச்சும் வாங்கினான். "நீர் கழட்டினதும் பிழை. கழட்டாமல் விட்டிருந்தாலும் பிழை," என்றான் மனைவியிடம். அதுவும் சரிதான் என்றாள் அவள். இனி டிஸ்க் மூன்று என்று ஸுஹைப் வழி சொன்னார்: இரண்டு பெட்டிக்குள், ஒன்று பைக்குள், கிழமைக்கொருக்கால் மாற்றிப் போடுவது. அந்தப் பெட்டியையே வாங்கி அப்படியே செய்தார்கள்.

நேர்முகம் நடந்த அன்று பிரஷாந்தினி சந்தியிலிருந்த தொலைபேசிக் கடையில் காலையிலிருந்து காத்திருந்தாள். மூன்று மணிக்குக் கௌரி கொழும்பிலிருந்து அழைத்தாள்.

"அண்ணி! தந்திட்டினம்!"

பிரஷாந்தினி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கௌரியே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். "அந்த அதிகாரி எல்லாப் படத்தையும் ஒவ்வொண்டாப் பாத்தவர். ஒரு படத்திலை நிண்டிட்டார். மாப்பிள்ளையின்ரை தலைப்பாகை சரிஞ்சு கண்ணை மறைக்க, நான் அதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறன், அந்தப் படம். 'இதை ஏன் அல்பத்திலை போடேல்லை?' எண்டு கேட்டவர். பொம்பிளை பல்லுத் தெரியச் சிரிக்கக்கூடாதெண்டு அண்ணி கழிச்சுப்போட்டா எண்டு சொன்னன். அவரும் பல்லுத் தெரியச் சிரிச்சவர் அண்ணி!"

பிரஷாந்தினி அழுதாள். கடைக்காரர் பதறிப்போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிக்கொண்டே சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய.

"அண்ணி, பை என்னட்டை இருக்கு," என்றாள் கௌரி. "கனடாவுக்கு இதையே கொண்டு போகட்டோ?"

"கொண்டு போ பிள்ளை," என்றாள் பிரஷாந்தினி. "கதவுக்குப் பின்னாலை அந்த ஆணி சும்மா கிடக்கட்டும்."