ரத்தம் எடுக்கும் வெள்ளிக்கிழமை

பேட்டரி கம்பெனி டாக்டர் மேல் நூர்பானுவுக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல எண்ணம் கிடையாது. சிரித்துக்கொண்டே ஊசி குத்துகிறவனை எப்படி நம்புவது? அவள் புருஷன் லொக்மான் பதினோரு வருஷமாக அங்கே ஈயம் காய்ச்சி ஊற்றுகிறான். வயிறு முறுக்கி முறுக்கி வலிக்கிறது. வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்குகிறது. கம்பெனிக் காகிதமோ, ரத்தத்தில் ஈயம் எட்டே எட்டு, ஆள் திடகாத்திரம் என்கிறது.

போன வாரம் அவனை இழுக்காத குறையாகக் குல்னாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே எழுபத்தொன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். "இன்னும் மூணு மாசம் அந்தப் புகையில நின்னா கை போயிடும். அப்புறம் புத்தியும் போயிடும்" என்றாள் அங்கிருந்த டாக்டரம்மா.

எட்டு எங்கே, எழுபத்தொன்று எங்கே! முதலாளியிடம் கை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு கம்பெனி டாக்டர் எண்ணை மாற்றுகிறான் என்று நூர்பானு முடிவு கட்டிவிட்டாள். லொக்மானிடம் சொன்னதற்கு, "உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? சோறு போடற இடத்துல போய் வம்பு பண்ணாதே" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுவும் அவளுக்கு உறுத்தியது. இவனையும் மிரட்டி வைத்திருக்கிறார்களோ?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில், கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, தொழிலாளியின் பெயர் போட்ட டோக்கனை வாங்கிக்கொண்டு ரத்தம் எடுப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை நூர்பானு இரண்டு காகிதங்களையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு கிளம்பினாள். நாலு பேர் முன்னால் டாக்டரின் மானத்தை வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் நடந்தாள்.

பந்தலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் நின்ற சிவப்பு பனியன்காரன் சந்தையில் மீன் வெட்டுகிறவன் அல்லவா? அவனுக்குப் பின்னால் பள்ளிவாசல் தெருத் தையல்காரன். இவர்களெல்லாம் எப்போது ஈயம் காய்ச்சப் போனார்கள்? வரிசை நெடுகக் கண்ணை ஓட்டியவள் திடுக்கிட்டு நின்றாள். லொக்மானின் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொழுந்தன் ஷோபுஜ் நின்றான். ரூப்ஷா ஆற்றில் படகு ஓட்டுகிறவன்.

"நீ எங்கடா இங்க?"

அவன் முகம் வெளிறிப்போயிற்று. "கத்தாதீங்க அண்ணி. கால்ல வேணா விழறேன்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு வருஷமா. அண்ணன் மட்டுமா? இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேர் யாருக்கோ பதிலாத்தான் நிக்கறாங்க. டாக்டர் டோக்கனைத்தான் பார்ப்பாரு, மூஞ்சியைப் பார்க்க மாட்டாரு."

"அடப்பாவி! உன் ரத்தத்தைக் காட்டியாடா உங்க அண்ணனைச் சாகடிக்கறே?"

"நம்பர் ஏறிட்டா சம்பளமில்லாம வீட்டுக்கு அனுப்பிடறாங்களே! மொதல் தடவை நம்பர் ஏறி அண்ணன் ரெண்டு மாசம் வீட்டுல கிடந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. உட்கார்ந்து தின்கிற ஆம்பளைக்கு வடித்துக் கொட்ட முடியாது என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தாள். லொக்மான் பாதிச் சோற்றில் எழுந்து போனான். டாக்டரைப் பிடிக்க வந்தவள் தானே அகப்பட்டுக்கொண்டாள்.

"லொக்மான் ஷேக்!" என்று கூப்பிட்டார் டாக்டர்.

ஷோபுஜ் நகர்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். வரிசை முழுக்க அவளையே முறைத்தது. மீன் வெட்டுகிறவன் பல்லைக் கடித்தான். "எல்லார் சோத்துலயும் மண்ணைப் போடாதே. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போம்மா."

வாயை மூடினால் சம்பளம் வரும். டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் வரைக்கும் வரும்.

அவள் டோக்கனைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

"அவர் வீட்டுல படுத்திருக்காரு, டாக்டர். சோத்தை எடுத்து வாயில வைக்கக்கூட கை தூக்க முடியல. ஊசியை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க."