ஒன்றரைப் பக்கக் கடிதம்

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்துக்கென்று மூன்று மாதத்துக்கொரு முறை வெளிவரும் ஆய்விதழ் அது. அவள் அங்கே துணையாசிரியர். யாருக்குத் துணை என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தலைவர் என்று ஒரு பெரிய டாக்டர் உண்டு, பெயருக்குத்தான். கட்டுரையை வாங்குவது, நிபுணர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது, கடைசி முற்றுப்புள்ளியைச் சரிபார்ப்பது எல்லாம் அவள்தான். மருத்துவக் கல்லூரி நூலகத்தின் பின்புறம் ஓர் அறை, ஒரு கணினி, பேச்சுத் துணைக்கு ஒரு மின்விசிறி. பதினெட்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

மாதம் இரண்டு தரம் அங்கே தொலைபேசி மணி அடிக்கும். சின்ன ஊர் ஒன்றில் வேலை பார்த்த காது டாக்டர். குழந்தைகளின் காதில் சீழ் வடிவதைப் பற்றியே ஆயுசெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவர். கட்டுரையில் ஆரம்பித்து அரை மணி நேரம் எங்கெங்கோ போய்வருவார். வீட்டிலும் தனியாள்தான் என்பதால், அவளுக்கு அந்தப் பேச்சு இரண்டு வாரத்துக்குத் தாங்கும்.

பெருந்தொற்று வந்த முதல் மாதம், அறிமுகமில்லாத மருத்துவர் ஒருவர் ஒன்றரைப் பக்கக் கடிதம் அனுப்பினார். நோயாளிகள் பதினோரு பேர்; யாருக்கும் மூக்கடைப்பு இல்லை, ஆனால் வாசனை தெரியவில்லை. கருத்துச் சொல்ல வேண்டிய நிபுணர்கள் எல்லாரும் வார்டுகளில் நோயாளிகளோடு இருந்தார்கள். அவளே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, தலைவரிடம் சம்மதம் வாங்கி வெளியிட்டாள்.

உலகமெல்லாம் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியது.

ஆய்விதழ்களை அளக்க ஓர் எண் உண்டு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்தவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். கடிதத்துக்கு வந்த மேற்கோள் கூட்டலில் சேரும். வகுக்கும்போது மட்டும் கடிதத்தைக் கட்டுரையாக எண்ணமாட்டார்கள். ஒன்றைத் தாண்டத் திணறிய எண் ஒரே தாவில் பதினான்கில் போய் உட்கார்ந்தது.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே தொற்று சம்பந்தப்பட்டது மட்டும் எடுங்க. மத்ததெல்லாம் நம்ம நம்பரைக் கீழே இழுத்துடும்."

"காது டாக்டரோட கட்டுரை ஒண்ணு இருக்கு சார். ஏழு வருஷ உழைப்பு."

"சீழைப் பத்தி இப்போ யாரு படிக்கப் போறாங்க?"

திருப்பி அனுப்பும் கடிதத்தை அவள்தான் எழுதவேண்டும். 'தங்கள் ஆய்வு தரமானது. எனினும்' என்பதோடு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. கடைசியில் 'இடமின்மை காரணமாக' என்று எழுதினாள். இதழ் அப்போது இணையத்தில் மட்டுமே வந்துகொண்டிருந்தது. இடத்துக்கு என்ன பஞ்சம் என்பது அவருக்கும் தெரியும்.

"நன்றி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதோடு தொலைபேசியும் ஓய்ந்தது. நாளுக்கு நாற்பது கட்டுரைகள் வந்து குவிந்தன. எழுதியவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: என் கட்டுரை என்ன ஆச்சு?

இரண்டு வருடம் அந்த எண் உச்சியில் இருந்தது. மூன்றாம் வருடம் கடிதம் அந்த இரண்டாண்டுக் கணக்கின் எல்லையைத் தாண்டிவிட்டது. அவசர அவசரமாக எடுத்துப்போட்ட தொற்றுக் கட்டுரைகளைச் சீந்துவாரில்லை. எண் ஒன்றுக்கும் கீழே போனது. தலைவர் நைசாக வேறொரு இதழுக்கு நகர்ந்துவிட்டார்.

அவர் போன அன்று மத்தியானம் அவள் காது டாக்டரை அழைத்தாள்.

"நான்தான், டாக்டர்."

"தெரியுது. சொல்லுங்க." முன்பெல்லாம் 'சொல்லும்மா' என்பார்.

"அந்தக் கட்டுரையை மறுபடி அனுப்ப முடியுமா?"

"அது போன வருஷமே வேற இடத்துல வந்துடுச்சே."

"நான் பார்க்கலை."

"யாரும்தான் பார்க்கலை. ஒரே ஒரு மேற்கோள் இருக்கு. அதுவும் நானே போட்டுக்கிட்டது." சிரித்தார். அவளும் சிரிக்க வாயெடுப்பதற்குள் அவர் நிறுத்திவிட்டார்.

"இடமில்லைன்னு நான் எழுதினது பொய், டாக்டர்."

"தெரியும். வெளியே குழந்தைங்க காத்திருக்காங்க. வச்சிடறேன்."

கட்டுரையைத் தேடியெடுத்துப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். ஏழு வருடமும் வீடு வீடாகப் போய், எந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வைத்திருந்தார். வீடு மாறிப்போன நான்கு பேரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தார்.

புதுத் தலைவர் இன்னும் வரவில்லை, தடுக்க ஆளில்லை. இத்தனை வருடத்தில் முதன்முறையாகத் தன் பெயரில் தலையங்கம் எழுதினாள். எண் எப்படி ஏறியது, எதனால் இறங்கியது, நடுவில் எதைத் திருப்பி அனுப்பினோம் என்று ஒளிக்காமல் சொன்னாள். மேற்கோள் பட்டியலில் முதலில் அவர் கட்டுரையைப் போட்டாள்.

வெளியானதும் அவருக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து இணையத்தில் பார்த்தபோது அவருடைய கட்டுரைக்கு நேரே மேற்கோள் 'இரண்டு' என்று காட்டியது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்திருந்த அடுத்த கட்டுரையைத் திறந்தாள். தொண்டையில் சிக்கிய மீன்முள் பற்றியது.