பின்கதவு வழியாகப் போகாத மாதங்கள்

அந்த ஊரில் மாதங்கள் பெண்களின் வீட்டுக்கு முன்கதவு வழியாக வந்து, தங்கி, பின்கதவு வழியாகப் போகும். தெய்வானையின் வீட்டில் வந்த மாதங்களில் பெரும்பாலானவை போகவில்லை. பின்னறையில் ஒன்றன் மடியில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

சினைப்பையில் நீர்க்கட்டி, பிசிஓடி என்று கல்யாணமான புதிதிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தைக்காக ஓடி ஓடி வைத்தியம் பார்த்தார்கள். மகள் அனுவர்ஷா பிறந்தபோது பின்னறை காலியாக இருந்தது. பிறந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. தெய்வானை பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். வந்த வண்டி கிளம்பாவிட்டால் பின்னால் வரும் வண்டிகள் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது நிலையத்து விஷயம். வீட்டில் அவள் யாரையும் விசிலடித்துக் கிளப்பியதில்லை.

தெருவுக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை.

"உனக்கென்ன அம்மிணி," என்பாள் பக்கத்து வீட்டு ருக்மணியக்கா. "மாரியம்மன் நோம்பி வந்தா நாங்கெல்லாம் மாத்திரை முழுங்கித் தள்ளி வெக்கறோம். உன்ற ஊட்ல அதுபாட்டுக்கு அசையாம உக்காந்துக்குது."

அதனால் ஒவ்வொரு நோம்பிக்கும் தெருவின் மாவிளக்குத் தட்டைத் தெய்வானைதான் தூக்கினாள்.

இந்த வருடம் பின்னறைக் கதவு பிதுங்கியது. சுவர் தடித்துக் கூடம் ஒரு சாண் குறுகியிருந்தது. உள்ளே ஏதோ ஓர் ஆடி இருமிக்கொண்டே இருந்தது. தெய்வானையின் பின்கழுத்தும் கறுத்துப்போயிருந்தது. சங்கிலி அழுக்கு என்று சொல்லி ருக்மணியக்கா எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டாள்.

டாக்டரம்மா வந்து சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"கடைசியா எப்ப ஒண்ணு வெளியே போச்சு?"

"போன தீவாளிக்கு முந்தின தீவாளிங்க."

"போகாம அடுக்கிட்டே இருந்தா சுவர் தடிக்கும். தடிச்ச சுவர்ல வேண்டாதது முளைக்கலாம்." அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது அழுக்கில்லம்மா. சர்க்கரை எட்டிப் பார்க்குது. சர்க்கரையும் பிரஷரும் வருஷா வருஷம் பார்க்கணும்."

"பாப்பாதான் பொறந்தாச்சுங்களே டாக்டர்," என்றான் அவள் கணவன் மயில்சாமி.

"பாப்பா பொறந்து வெளிய வந்துட்டா. இவங்க இன்னும் இந்த வீட்லதானே இருக்காங்க?"

மயில்சாமி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

டாக்டரம்மா சுவரில் ஒரு சிட்டிகை சுரண்டிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். வாசல்வரை போன தெய்வானை தணிந்த குரலில் கேட்டாள்.

"முளைச்சிருந்தா, பாப்பா பெரியவளாகறதப் பாப்பனுங்களா?"

"முடிவு வரட்டும்மா."

அந்த வாரம் முழுக்க அவள் மகளுக்குத் தினமும் இரண்டு தடவை தலை பின்னினாள்.

முடிவு வந்தது. இன்னும் எதுவும் முளைக்கவில்லை. மாதங்களைக் கிளப்ப டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். மாத்திரை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பும், இனி எதையும் தேங்கவிடக் கூடாது என்றார். கணக்குப்படி அவை கிளம்பும் நாளில்தான் நோம்பி வந்தது.

"இன்னும் நாலு நாளைக்கு அதே மாத்திரையப் போட்டுத் தள்ளி வெய்யி அம்மிணி," என்றாள் ருக்மணியக்கா. "மாவிளக்கை ஆரு தூக்கறது?"

"நீங்க தூக்குங்கக்கா."

"எனக்கும் அன்னிக்குத்தான் வருது!"

"அப்ப ரெண்டு பேரும் ஊட்ல இருப்போம். மாவிளக்கை ஆம்பளைக தூக்கட்டும்."

நோம்பியன்று மயில்சாமி மாவிளக்குத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். தெய்வானை பின்னறைக் கதவைத் திறந்து, நிலையத்து விசிலை எடுத்து ஊதினாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த, அனுவர்ஷா தவழ்ந்த வருடத்துப் பழைய பங்குனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. அதற்கு நடை கொஞ்சம் மெதுவு. அது கூடத்தைக் கடந்து பின்கதவை அடையும்வரை வீட்டில் அந்தப் பங்குனியே நடந்தது.

மறுநாள் காலையிலும் அது சமையலறை வரைதான் வந்திருந்தது. பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. ஒன்றாம் வகுப்புச் சீருடையில் அனுவர்ஷா தவழ்ந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, பாப்பா இன்னிக்கு நடக்காதுங்களா?" என்றார் வேன்காரர்.

"மத்தியானத்துக்குள்ள நடந்துருவாளுங்க," என்று சொல்லி, தெய்வானை சாப்பாட்டுப் பையில் பால் புட்டியையும் வைத்தாள்.