பதினோரு கப்பல், ஏழு கால்

கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது மொய்துவின் விரல்களில் சுரீரென்று ஒரு குளிர் ஏறியது. தண்ணீரின் குளிர் இல்லை. தொட்டதுமே காய்ந்துவிடும் குளிர். அப்புறம்தான் குப்பி கையில் பட்டது. அடைப்பு எங்கோ உருண்டு போய், சுருட்டி வைத்திருந்த மெத்தை மேல் வாய் சரிந்து கிடந்தது. நேற்று முக்கால் குப்பி இருந்தது. இப்போது அடியில் ஒரு மடக்கு.

கட்டிலின் மேலே அவனுடைய அண்ணன், அவன் காக்கா என்று கூப்பிடும் அலாவுதீன், தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டப்பட்டு, கண் மூடிக் கிடந்தார். சாயா கொண்டுவந்த அவர் மனைவி ஜுமைலாதான் காலையில் முதலில் பார்த்தாள். அப்போதே உடம்பு விறைத்திருந்தது.

"மொய்தூ, அங்ஙன என்னடா தேடுறே?"

வாசலில் சுல்ஃபத் மாமி. வாப்பாவின் தங்கை.

"செருப்பு, மாமி."

"கட்டிலுக்கடியில ஏதுடா உன் செருப்பு? எந்திரி, எந்திரி. ஆளுக வர்ற நேரம்."

குப்பியைக் கைலி மடிப்பில் செருகி, கட்டைவிரலால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். மாமி உள்ளே இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கு விரிந்தது.

"இது என்ன மணம்?"

மொய்து குப்பியின் வாயை இன்னும் அழுத்திப் பொத்தினான்.

"அத்தர் ஆராச்சும் பூசுனீங்களா? ஊதுபத்தி? இல்லையே... இனிச்சுக்கிட்டுல்ல வருது." மாமியின் கை மெல்ல வாய்க்குப் போயிற்று. "சுப்ஹானல்லாஹ். ஜுமைலா! அடியே ஜுமைலா, இங்க வா மோளே! வந்து பாரு. நல்ல மௌத்துடீ. உன் மாப்பிள்ளை கிடக்குற இடம் மணக்குது."

விடிந்ததிலிருந்து சுவரில் தலையை முட்டி அழுதுகொண்டிருந்த ஜுமைலா வந்தாள். மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவள் அழுகை நின்றுவிட்டது.

இனி எப்படிச் சொல்வது?

*

குப்பியில் இருந்தது குளோரோபாம். மொய்து வேலை செய்த, பெயர்ப்பலகை செய்யும் சுள்ளிக்கல் போர்டு கடையில் கண்ணாடி மாதிரி இருக்கும் பெர்ஸ்பெக்ஸ் எழுத்துகளை அதை வைத்துத்தான் ஒட்டுவார்கள். தூரிகை நுனியில் ஒரு சொட்டு. இரண்டு துண்டும் உருகி ஒன்றாகிவிடும், சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

அலாவுதீன் பதினான்கு வருஷம் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவர். இதயம் வீங்கிவிட்டது என்று போன வருஷம் இறக்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது எல்லோரும் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார்கள், இவர் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். திறந்தால் பஞ்சுக்குள் பதினோரு ஈயக் கப்பல்கள், கட்டைவிரல் நீளம். கடல் கப்பல் இல்லை, வானத்தில் போகிறவை. மேசையில் பரப்பிச் சண்டை விடுகிற விளையாட்டாம். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரன் ஒருவன் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு துளை இருந்தது. நிறுத்தும் கால்கள் மட்டும் எந்தத் துறைமுகத்திலோ தொலைந்துவிட்டன.

"மல்லாந்து கிடந்தா அது செத்த மீனுடா" என்பார். "பறக்கணும்."

மூன்று மாதமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு பேச்சே கிடையாது. தென்னை ஈர்க்கை வைத்துப் பார்த்தார்கள், ஈயத்தின் கனத்துக்கு வளைந்தது. குடைக்கம்பி நின்றது, ஆனால் கறுப்பாகக் கண்ணில் குத்தியது. சைக்கிள் ஸ்போக்கில் கப்பல் வழுக்கிச் சுற்றியது.

"கப்பல் மட்டும் தெரியணும், மொய்து. தாங்குறது தெரியக்கூடாது."

அப்போதுதான் கடையில் மிஞ்சிய பெர்ஸ்பெக்ஸ் குச்சிகள் நினைவுக்கு வந்தன. முதலாளி வெங்கிட்டு சாமி குப்பியைக் கொடுக்கும்போது ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார். "ஜன்னல தொறந்து வச்சுண்டு செய்யணும், கேட்டியோ? நெஞ்சு கேடுள்ளவா பக்கத்துல இருக்கப்படாது." மொய்து மூன்று தடவையும் தலையாட்டினான்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆடி மாதக் கர்க்கடக மழை பிடித்துக்கொண்டது. அறையில் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றில் செருகிய குச்சிக்கு அடியில் பெர்ஸ்பெக்ஸ் துண்டை ஒட்ட ஆரம்பித்தான். காற்றில் முதல் கப்பல் தலைகுப்புற விழுந்தது.

"ஜன்னலைச் சாத்துடா" என்றார் காக்கா. "ஒட்டு பிடிக்கிறவரைக்கும் ஆடக்கூடாது."

சாத்தினான். ஏழு கால் முடிந்தது. ஏழையும் அலமாரியில் வரிசையாக வைத்தான், குப்பியை அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். காக்கா ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒரு சிரிப்பு, கண் பாதி செருகி. சந்தோஷம் என்று மொய்து நினைத்துக்கொண்டான். மிச்ச நாலுக்கும் அறுத்து வைத்த துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன. தன் மெத்தையைத் தரையில் விரிக்க வந்த ஜுமைலாவிடம் காக்காதான் சொன்னார்: "மிதிச்சு வச்சிராதே. இன்னிக்கு ஒருநாள் பிள்ளையோட வெளிய படு."

அதனால் யாரும் பக்கத்தில் இல்லை.

*

பத்து மணிக்குள் மணத்தின் செய்தி சந்து முழுக்கப் பரவிவிட்டது. மய்யத்தைக் குளிப்பாட்ட வந்த லெப்பை வாசற்படியிலேயே நின்று கண்ணை மூடினார். பக்கத்து வீட்டு ஆட்கள் வரிசையாக எட்டிப் பார்த்து மூச்சை ஆழமாக இழுத்துவிட்டுப் போனார்கள். குனிந்து தண்ணீர் ஊற்றிய மொய்துவிடம் லெப்பை சொன்னார்: "உன் கைலியில கூட ஒட்டியிருக்குப்பா அந்த மணம். கொடுத்து வச்சவன் நீ."

மொய்து முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பை மறுபடி தண்ணீரில் முக்கினான். "பாவம், தம்பிக்காரன்" என்றார் யாரோ.

கஃபன் துணி சுற்றுகிற நேரத்தில் வெங்கிட்டு சாமி வந்தார். குடையை மடக்கினார், செருப்பைக் கழற்றினார், வாசலில் ஒரு கால் வைத்தார். நிமிர்ந்தார். கூட்டத்தில் மொய்துவைத்தான் அவர் கண் தேடியது.

"சாமீ, உங்களுக்கும் மணக்குதா?" என்று கேட்டாள் சுல்ஃபத் மாமி. அறைக்குள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வேற்று மதத்துக்காரருக்கும் மணந்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாமி இன்னொரு தடவை மூச்சை இழுத்தார்.

"மணக்கறது" என்றார் வெங்கிட்டு சாமி. "நன்னா மணக்கறது."

பின்கட்டில் கிணற்றடிக்கு மொய்துவை இழுத்துக்கொண்டு போய்க் கையை நீட்டினார். "எங்கடா குப்பி?"

கொடுத்தான்.

"ஜன்னல்?"

மொய்து கிணற்றுக்குள் பார்த்தான். சாமி மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார், குப்பியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதாலயா, சாமி?"

"நான் என்ன டாக்டரா?"

"சொல்லுங்க சாமி."

"ஓணம் வரைக்கும் போனாலே பெரிசுன்னு டாக்டர் சொன்னதா நீதானே சொன்னே." குடையை விரித்தார். விரித்துவிட்டு நகராமல் நின்றார். "பாக்கி எங்கடா போச்சு? இத்தனையும் நீ ஒட்டினதில்லே."

"மெத்தையில சரிஞ்சிருச்சு. சுருட்டி வச்ச மெத்தை."

"உள்ளே நிக்கும் அதோட ஆவி. விரிச்சா கிளம்பும். இன்னிக்கு அதுல ஆரும் படுக்கப்படாது, மனசிலாச்சா? குழந்தை இருக்கில்லே அந்த வீட்டுல."

*

மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கிவிட்டார்கள். மூன்று பிடி மண்ணும் போட்டுவிட்டு மொய்து எல்லோருக்கும் முன்னால் நடந்தான். வழியில் ஆளாளுக்கு நிறுத்திக் கையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டு வீடு வந்து சேர அஸர் ஆகிவிட்டது.

அறை வாசலில் புதிதாக ஒரு திரை தொங்கியது. காக்காவின் பழைய போர்வை.

"நில்லுடா" என்றாள் மாமி. "அவ துக்கம் காக்க இத்தா உக்காந்தாச்சு. நாலு மாசம் பத்து நாள். நீ கொழுந்தன், அவ முகத்துல முழிக்கக்கூடாது. என்ன வேணும்னாலும் இந்தப் பக்கம் நின்னு சொல்லு."

"மாமி, அந்த மெத்தை..."

"விரிச்சுப் போட்டாச்சு. பாவம், காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்காம இப்பத்தான் சாஞ்சிருக்கா. பிள்ளையும் தூங்குது." மாமி கஞ்சியைக் கிளற அடுக்களைக்குப் போனாள்.

மொய்து திரையைத் தொடாமல் நின்றான். போர்வைக்கு இந்தப் பக்கம்கூட இனிப்பாக வந்தது.

"மதினி. ஜன்னலைத் திறங்க."

"மழை அடிக்குதே மொய்து."

"அடிக்கட்டும் மதினி. திறங்க."

"வேணாம்." அவள் குரல் காலையிலிருந்ததைவிட மெதுவாக, எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "திறந்தா இந்த மணம் போயிரும். எனக்குன்னு வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். இருக்கட்டும் ஒரு ராத்திரி."

"மெத்தையையாவது..."

"உம்மா." ஆறு வயது மகளின் குரல். "தலை சுத்திக் கறங்குது உம்மா."

"அது பசியில மோளே. கண்ணை மூடிக்க."

மொய்து போர்வையைப் பற்றினான். விட்டான். மறுபடி பற்றினான்.

"மதினி, அது சொர்க்கத்து மணம் இல்லை. பசை. நான் கடையிலேருந்து கொண்டுவந்த குளோரோபாம். கட்டிலுக்கடியில குப்பி சரிஞ்சு உங்க மெத்தையில ஊறிப்போச்சு. பிள்ளையைத் தூக்குங்க மதினி. முதல்ல தூக்குங்க."

அடுக்களையில் மாமியின் அகப்பை சட்டியில் தட்டியது. ஒரு தடவை, இன்னொரு தடவை.

"நேத்தும் இதுதானா?" என்றாள் ஜுமைலா.

"ஆமா."

"ஜன்னல் சாத்தியிருந்துச்சே."

"ஆமா."

"யாரு சாத்துனது?"

காக்கா ஒருக்களித்துப் படுத்து, பாதிக் கண்ணால் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்த முகம் வந்து நின்றது.

"நான்தான், மதினி" என்றான்.

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். கத்துவாள், மாமியைக் கூப்பிடுவாள். தூக்கப்பட்ட பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது. மெத்தை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலின் துருப்பிடித்த கொண்டி இரண்டு தடவை முனகி விடுபட்டது.

மழை உள்ளே வந்தது. போர்வை கப்பல் பாய் மாதிரி உப்பி அவன் நெஞ்சில் மோதி, ஒரு பக்கமாக விலகியது. அலமாரி தெரிந்தது. மேல்தட்டில் ஏழு கப்பல்களும் காற்றில் சிறிதாக ஆடிக்கொண்டிருந்தன. கால்கள் தெரியவில்லை. ஒன்றும் விழவில்லை.

ஒட்டு பிடித்திருந்தது.